அங்கீகாரத்தின் விலை

ஒரு நாடு இருமுறை விடுதலை பெறவேண்டியிருக்கிறது. தன்னை ஆண்ட அரசின் படைகளை வெளியேற்றுவது முதலாவது விடுதலை. அந்நாடு சுதந்திர நாடே என்று பிற அரசுகள் எழுத்திலே ஒப்புக்கொள்வது இரண்டாவது. முதலாவதற்கு வேண்டியது வீரம். இரண்டாவதற்கு வேண்டியது யாது, அதற்குக் கொடுக்கவேண்டிய விலை யாது என்பனவே இப்பேச்சின் பொருளாகும். இவ்விரண்டு விடுதலைகளுக்கும் இடையே சில ஆண்டுகள் கழிவதுண்டு. வல்லரசுகள் புதிய நாட்டின் வாயிலுக்கு வருவது அந்த இடைக்காலத்திலேதான். ஒருவர் கையிலே வர்த்தக ஒப்பந்தம் இருக்கும். மற்றொருவர் கையிலே கடன் பத்திரம் இருக்கும். இன்னொருவர் துறைமுகத்துக்கு வெளியே போர்க்கப்பலை நிறுத்திவைத்துக்கொண்டு பேசுவார்.

20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் புதிய நாடுகள் தோன்றியபோது, அவற்றின் நட்பைப் பெறுவதற்கு வல்லரசுகள் தம்முட் போட்டியிட்டன. இலங்கையும் அப்போட்டியின் வெப்பத்தை உணர்ந்தது. 1952 ஆம் ஆண்டிற் சீனாவுடன் இறப்பர்–அரிசி உடன்படிக்கை செய்தமையால், அமெரிக்காவின் அதிருப்திக்கு நம் நாடு ஆளாக நேர்ந்தது. ஆயினும் இக்கதை அக்காலத்திலே தொடங்கியதன்று. ஏறத்தாழ நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு கண்டம் முழுவதும் இதே சோதனைக்கு உள்ளாயிற்று. அது ஸ்பானிய அமெரிக்கா. அங்கே நிகழ்ந்தவற்றைச் சிறிது விரிவாக நோக்குவோம்.

ஸ்பானியா முந்நூறு ஆண்டுகள் அக்கண்டத்தை ஆண்டது. மெக்சிக்கோவின் வெள்ளியும் பெருவின் வெள்ளியும் ஸ்பானியாவுக்கே செல்லவேண்டும். குடியேற்ற நாட்டார் வேண்டிய பொருள்களை ஸ்பானிய வணிகரிடமே கொள்ளவேண்டும். பிற நாட்டுக் கப்பல்கள் அத்துறைமுகங்களை அணுகலாகாது. சட்டம் இவ்வாறிருந்தது. கள்ளக் கடத்தல் மிகுதியாக நடந்ததெனினும், சட்டத்தின் போக்கு மாறவில்லை. 1808 ஆம் ஆண்டில் நெப்போலியன் ஸ்பானியாவுட் புகுந்து, மன்னன் ஏழாம் பேர்டினந்தைச் சிறைவைத்து, தன் தமையன் யோசேப்பை அரியணையில் அமர்த்தினான். மன்னன் சிறையிலிருக்க, மன்னனுடைய அதிகாரம் யாரைச் சேரும் என்ற வினா கடல் கடந்து எழுந்தது. 1810 ஆம் ஆண்டு ஏப்பிரலிற் கராக்காசிலும், மே மாதத்திற் புவெனஸ் அயர்சிலும், யூலையிற் போகோட்டாவிலும், செப்டெம்பரிற் சாந்தியாகோவிலும் உள்ளூர்த் தலைவர்கள் ஆட்சிச் சபைகளை அமைத்துக்கொண்டனர். அரியணைக்கு மீண்ட பேர்டினந்து எதையும் விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. ஆகவே போர் மூண்டது. தெற்கே சான் மார்ட்டின் 1817 ஆம் ஆண்டில் அந்தீசு மலையைக் கடந்து சிலியை விடுவித்தார். வடக்கே சீமோன் பொலிவார் பல தோல்விகளுக்குப் பின் வெற்றி கண்டார். 1824 ஆம் ஆண்டு டிசம்பர் 9 ஆந் திகதி பெருவின் ஆயாகூச்சோ மேட்டுநிலத்தில், பொலிவாரின் தளபதி சூக்கிரே ஸ்பானியப் பெரும்படையைச் சரணடையச் செய்தார். 1826 ஆம் ஆண்டின் தொடக்கத்திற் கடைசிக் கோட்டைகளும் வீழ்ந்தன. கியூபா, புவேர்ட்டோ றிக்கோ என்னும் இரு தீவுகள் மாத்திரமே அக்கரையில் ஸ்பானியாவிடம் எஞ்சின.

முதலாவது விடுதலை இவ்வாறு முடிந்தது. இனி இரண்டாவதைப் பார்ப்போம்.

அக்காலத்தில் இப்புதிய நாடுகளைக் கூர்ந்து நோக்கியவர் மூவகையினர். முதல்வகையினர் ஐரோப்பாவின் முடிமன்னர்கள். நெப்போலியனை வீழ்த்தியபின், உருசியாவும் ஒஸ்திரியாவும் பிரசியாவும் புனிதக் கூட்டணி என்ற பெயரில் ஒன்றுபட்டிருந்தன. மன்னனுக்கெதிராகக் கிளர்ந்தெழுவது எங்கு நடப்பினும் குற்றமே என்பது அவர்கள் கருத்து. இரண்டாமவர் பிரித்தானியர். ஆலைகளிற் குவிந்த துணிகளுக்கும் இரும்புப் பொருள்களுக்கும் சந்தை தேடிக்கொண்டிருந்த அவர்களுக்கு, ஸ்பானியாவின் வணிகத்தடை நீங்கியது பெரும்பேறாயிற்று. மூன்றாமவர் அமெரிக்க ஐக்கிய நாடுகள். தாமே போராடி விடுதலை பெற்றவராதலின், தெற்கே எழுந்த குடியரசுகள்பால் அந்நாட்டு மக்களுக்கு அனுதாபம் இருந்தது. அனுதாபத்தின் அருகே நிலத்தின்மேல் ஒரு கண்ணும் இருந்தது.

முதலில் உருசியாவின் உதவியைக் காண்போம். சார் மன்னர் அலெக்சாந்தர் 1817 ஆம் ஆண்டில் ஸ்பானியாவுக்குப் போர்க்கப்பல்களை விற்றார். குடியேற்ற நாடுகளை மீண்டும் அடக்குவதற்கு அவை பயன்படும் என்பது எண்ணம். வந்து சேர்ந்த கப்பல்களிற் பெரும்பாலானவை உளுத்துப் போனவை. கடலிற் செல்லத் தகுதியற்றவை. அவற்றுள் உருப்படியாயிருந்த ஒரு கப்பல் 1818 ஆம் ஆண்டிற் சிலி நாட்டாரிடம் அகப்பட்டது. அவர்கள் அதற்குத் தம் தலைவர் ஓகிகின்சின் பெயரைச் சூட்டிக் கடற்படையின் தலைமைக் கப்பலாக்கினர். சிலியின் கடற்படையை நடத்திய கொக்ரேன் பிரபு, பிரித்தானியக் கடற்படையிலிருந்து நீக்கப்பட்டவர். உருசியா விற்ற கப்பலிலே, பிரித்தானியத் தளபதி ஒருவர், சிலியின் கொடியை உயர்த்தி, ஸ்பானியாவுக்கெதிராகப் போர் புரிந்தார்! வல்லரசுகளின் போட்டியிற் புதிய நாடுகளுக்குச் சிற்சில வேளைகளில் இத்தகைய நல்வாய்ப்புகளும் கிட்டுவதுண்டு.

அமெரிக்க ஐக்கிய நாடுகள் யாது செய்தன? 1810 இலேயே எழுந்த குடியரசுகளை அவை 1822 ஆம் ஆண்டிலேதான் அங்கீகரித்தன. தாமதத்தின் காரணம் புளோரிடா. ஸ்பானியாவிடமிருந்து அம்மாநிலத்தைப் பெறுவதற்கு 1819 இல் ஒப்பந்தம் செய்யப்பட்டது. அது இறுதியாக உறுதிப்பட்டது 1821 இல். அதுவரை ஸ்பானியாவின் மனம் நோவதை வாசிங்டன் விரும்பவில்லை. புளோரிடா கைக்கு வந்தபின்னரே, அடுத்த ஆண்டு கொலம்பியாவுக்கும் மெக்சிக்கோவுக்கும் அங்கீகாரம் சென்றது. அந்த அங்கீகாரத்தின் விலையைப் புதிய குடியரசுகள் பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பாகச் செலுத்தின என்று கூறுதல் தகும்.

1823 ஆம் ஆண்டு நெருக்கடி முற்றியது. அவ்வாண்டு ஏப்பிரலிற் பிரெஞ்சுப் படை ஸ்பானியாவுட் புகுந்து, அங்கே அரசியலமைப்பு ஆட்சியை நடத்தியவர்களை வீழ்த்தி, பேர்டினந்தின் எதேச்சாதிகாரத்தை மீண்டும் நிலைநாட்டியது. அடுத்தபடியாக அப்படை கடல் கடந்து செல்லுமோ என்ற ஐயம் எழுந்தது. பிரித்தானிய வெளிநாட்டமைச்சர் ஜோர்ஜ் கானிங் ஓகஸ்ட் மாதத்தில் அமெரிக்கத் தூதர் றிச்சாட் றஷ்சை அழைத்து, இரு நாடுகளும் சேர்ந்து ஓர் அறிக்கை விடலாம் என்றார். ஸ்பானியா தன் குடியேற்ற நாடுகளை மீட்பது இயலாத காரியம். அவற்றில் எப்பகுதியையும் நாமும் கைக்கொள்ள விரும்பவில்லை. பிறர் கைக்கு மாறுவதையும் பார்த்திருக்கமாட்டோம் என்பது அவ்வறிக்கையின் சாரம்.

புதிய நாடுகளை உடனே அங்கீகரிப்பீர்களா என்று றஷ் கேட்டார். கானிங் அதற்கு உடன்படவில்லை. வாசிங்டனில் வெளிநாட்டமைச்சராயிருந்த ஜோன் குயின்சி அடம்ஸ் வேறோர் இடையூற்றைக் கண்டார். எப்பகுதியையும் நாம் கைக்கொள்ளோம் என்று கையொப்பமிட்டால், நாளை கியூபாவோ தெக்சாசோ நம்முடன் சேர விரும்பும்போது அக்கையொப்பம் தடையாகுமன்றோ? ஆகவே அமெரிக்கா தனித்தே பேசவேண்டும் என அவர் வாதிட்டார். அவ்வாறே 1823 ஆம் ஆண்டு டிசம்பர் 2 ஆந் திகதி சனாதிபதி மொன்றோ காங்கிரசுக்கு விடுத்த செய்தியில், அமெரிக்கக் கண்டங்கள் இனி ஐரோப்பிய அரசுகளின் குடியேற்றத்துக்கு உரியவையல்ல என்றும், அங்குள்ள சுதந்திர நாடுகளை ஒடுக்க முயல்வது தம் நாட்டுக்குப் பகையான செயலாகும் என்றும் அறிவித்தார். பிற்காலத்தில் மொன்றோ கொள்கை எனப் புகழ்பெற்றது இதுவே.

இதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்னரே வேறொன்று நிகழ்ந்துவிட்டது. ஒக்டோபர் மாதத்திற் கானிங் இலண்டனிலிருந்த பிரெஞ்சுத் தானாபதி பொலிஞாக்கை அழைத்துப் பேசி, ஸ்பானிய அமெரிக்கா மீது படைவலியைப் பயன்படுத்தும் நோக்கம் பிரான்சுக்கு இல்லை என்ற உறுதிமொழியை எழுத்திற் பெற்றிருந்தார். அட்லாண்டிக் கடலில் அக்காலத்தே மேலாதிக்கம் செலுத்தியது பிரித்தானியக் கடற்படை. அது வழிவிடாமல் எந்த ஐரோப்பியப் படையும் அக்கரை சேர முடியாது. மொன்றோவின் செய்தி வெளியானபின், கானிங் பொலிஞாக்கின் உறுதிமொழியைப் புதிய நாடுகளுக்குத் தெரியப்படுத்தினார். உங்களைக் காத்தவர் யார் என்பதை அறிந்துகொள்ளுங்கள் என்பது அதன் உட்பொருள்.

புதிய நாடுகள் இரண்டு வாக்குறுதிகளையும் சோதித்துப் பார்க்க விரும்பின. 1824 ஆம் ஆண்டிற் கொலம்பியாவின் தூதர், மொன்றோ செய்தியின் அடிப்படையில் அமெரிக்கா தம் நாட்டுடன் தற்காப்பு உடன்படிக்கை செய்யுமா என்று வினவினார். போர் பற்றிய முடிவு காங்கிரசைச் சேர்ந்தது என்றும், ஐரோப்பிய வல்லரசுகளின் கருத்தை அறியாமல் தாம் ஆயுதமெடுத்தல் இயலாது என்றும் அடம்ஸ் மறுமொழி கூறினார். அடுத்த ஆண்டு பிரேசிலும் அவ்வாறே கேட்டு அவ்வாறே விடை பெற்றது. ஆகவே மொன்றோ கொள்கை அமெரிக்கா தனக்குத்தானே செய்துகொண்ட சங்கற்பமாக நின்றது. பிறர் அதனை ஆதாரமாகக் கொண்டு உதவி கோரும் உரிமை அதிலே எழுதப்படவில்லை.

பிரித்தானியாவின் அங்கீகாரம் 1824 ஆம் ஆண்டின் இறுதியில் தீர்மானிக்கப்பட்டு, 1825 பெப்ரவரியிற் பாராளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. மன்னன் நான்காம் ஜோர்ஜுக்கு இது கட்டோடு பிடிக்கவில்லை. கிளர்ச்சிக்காரரை ஒரு மன்னன் எங்ஙனம் மதிப்பது? அரசுரையை வாசிக்குமாறு வேண்டியபோது, தமக்குக் காலிலே வாதநோய் என்றும், பொய்ப்பற்களைக் காணவில்லை என்றும் சாக்குச் சொல்லி ஒதுங்கிவிட்டார். அவருக்காக வாசித்தவர் நீதித்துறைத் தலைவர் எல்டன் பிரபு. அவரும் இக்கொள்கையை வெறுத்தவரே. மன்னனின் பற்களைக் காட்டிலும் வணிகரின் கணக்கேடு வலிமை மிக்கதாயிற்று.

அங்கீகாரம் வெறுங்கையோடு வரவில்லை. வர்த்தக ஒப்பந்தத்தோடு வந்தது. 1825 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திற் புவெனஸ் அயர்சுடன் செய்யப்பட்ட ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். இரு நாட்டுக் கப்பல்களும் மற்றநாட்டுத் துறைமுகங்களிற் சமவுரிமை பெறும் என்றது அது. கேட்பதற்கு எவ்வளவு நேர்மையான விதி! ஆனால் ஒரு நாட்டுக் கப்பல் எனப்படுவது அந்நாட்டிலே கட்டப்பட்டதாய், அதன் உரிமையாளரும் தலைவனும் மாலுமிகளில் நான்கில் மூன்று பங்கினரும் அந்நாட்டவராய் இருத்தல் வேண்டும் என்றும் அவ்வொப்பந்தம் கூறியது. புவெனஸ் அயர்சிற் கப்பல் கட்டும் தொழில் வளர்ந்திருக்கவில்லை. தேம்சு நதியிலே ஆயிரம் கப்பல்கள் நின்றன. சமவுரிமை என்பது, இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே விதியைக் கூறுவதாக அமைந்தது.

ஒப்பந்தத்துக்கு முன்னரே கடன் வந்துவிட்டது. 1822 முதல் 1825 வரை இலண்டன் பணச்சந்தையில் ஸ்பானிய அமெரிக்க நாடுகளின் பெயரால் ஏறத்தாழ 2 கோடி பவுணுக்குக் கடன் பத்திரங்கள் விற்கப்பட்டன. 1822 இற் கொலம்பியாவின் பெயரால் 20 இலட்சம் பவுண், சிலியின் பெயரால் 10 இலட்சம் பவுண், பெருவின் பெயரால் 12 இலட்சம் பவுண் என்றவாறு அது தொடங்கியது. போரினால் வறண்ட திறைசேரிகளுக்கு அப்பணம் இன்றியமையாததாக இருந்தது. ஆயினும் எழுதப்பட்ட தொகை வேறு. கைக்கு வந்த தொகை வேறு. 1824 இற் புவெனஸ் அயர்ஸ் பேரிங் சகோதரர் நிறுவனத்தின் மூலம் 10 இலட்சம் பவுண் கடன் பெற்றது. கழிவும் தரகும் முன்வட்டியும் போக, அந்நகரை அடைந்தது 6 இலட்சத்துக்கும் குறைவானது. துறைமுகம் கட்டவும் குடிநீர் வழங்கவும் எனப் பெற்ற அப்பணம் வேறு வழிகளிற் கரைந்தது. கடனோ கரையவில்லை. 1820 களின் இறுதியில் வட்டி நின்றுபோய், 1857 இல் மீண்டும் பேசித் தீர்த்து, 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் அக்கடன் முற்றாக அடைந்தது. தந்தை வாங்கிய கடனைக் கொள்ளுப்பேரன் அடைத்த கதை இது.

அக்காலத்து இலண்டனின் பேராசை எத்தகையதெனின், இல்லாத நாட்டுக்கும் அங்கே கடன் கிடைத்தது. பொலிவாரின் படையிற் பணிபுரிந்த மக்கிரகர் என்னும் ஸ்கொத்லாந்தர், மத்திய அமெரிக்கக் கரையிற் பொயாய்ஸ் என்றொரு நாடு உண்டு என்றும் தாமே அதன் தலைவர் என்றும் கூறி, 1822 இல் 2 இலட்சம் பவுணுக்குப் பத்திரம் விற்றார். அந்நாட்டிற் குடியேறச் சென்ற ஏறத்தாழ 250 பேர் கண்டது கொசுவும் காடுமே. அவர்களுட் பலர் அங்கேயே மடிந்தனர். 1825 டிசம்பரில் இலண்டன் பணச்சந்தை முறிந்தது. அடுத்த ஆண்டு பெரு வட்டி கட்டத் தவறியது. 1828 அளவில் ஸ்பானிய அமெரிக்கக் குடியரசுகள் யாவும் தவணை தவறியிருந்தன. அவற்றின் நாணயத்தில் இலண்டன் வைத்த நம்பிக்கை பல்லாண்டுகளுக்கு அற்றுப்போயிற்று.

விலை இதனினும் வெளிப்படையாகக் கூறப்பட்ட இடங்களும் உண்டு. போர்த்துக்கலிலிருந்து 1822 இற் பிரிந்த பிரேசில், 1825 ஆம் ஆண்டிற் பிரித்தானியாவின் மத்தியத்தத்தினால் அங்கீகாரம் பெற்றது. அதற்காகப் பிரேசில் கொடுக்க இசைந்தது 20 இலட்சம் பவுண். அதில் 14 இலட்சம், போர்த்துக்கல் இலண்டனில் வாங்கியிருந்த கடனைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டதே. அதன்பின் 1827 ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, பிரித்தானியப் பொருள்கள்மீது நூற்றுக்கு 15 க்கு மேற் சுங்கவரி விதிக்கும் உரிமையையும் பிரேசில் இழந்தது. அடிமை வாணிகத்தை நிறுத்தவேண்டும் என்ற நல்ல நிபந்தனையும் 1826 இல் எழுதப்பட்டது. எனினும் அது நடைமுறைக்கு வர 1850 வரை காத்திருக்க நேர்ந்தது. சுங்கவரி விதியோ உடனே நடைமுறைக்கு வந்தது.

அருகே ஹெயிற்றித் தீவின் நிலை இதனினும் கொடியது. அடிமைகள் போராடி 1804 இல் நிறுவிய அந்நாட்டை இருபது ஆண்டுகளாக எந்த வல்லரசும் ஏற்கவில்லை. 1825 ஆம் ஆண்டிற் பிரெஞ்சு மன்னன் பத்தாம் சாள்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, 15 கோடி பிராங்கு இழப்பீடு தந்தால் அங்கீகாரம் தருவதாகக் கூறினான். இழப்பீடு யாருக்கு? அடிமைகளையும் தோட்டங்களையும் இழந்த முதலாளிகளுக்கு! விடுதலை பெற்றவர்கள் தம் உடம்பின் விலையைத் தாமே செலுத்தவேண்டியவராயினர். 1838 இல் அத்தொகை குறைக்கப்பட்டது. ஆயினும் இழப்பீட்டின் பொருட்டு வாங்கிய கடன்களின் சுமை 1947 வரை அந்நாட்டைத் தொடர்ந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஹெயிற்றியை அங்கீகரித்தது 1862 ஆம் ஆண்டிலேதான்.

கடனும் ஒப்பந்தமும் ஒருபுறமிருக்க, உள்நாட்டு அரசியலிலும் வல்லரசுகளின் கை நுழைந்தது. 1825 இல் மெக்சிக்கோவுக்கு அமெரிக்கத் தூதராக வந்தவர் ஜோவெல் பொயின்செற். நம் தோட்டங்களிற் செவ்விலைகளோடு பொலியும் பொயின்செற்றியாச் செடி, அவர் மெக்சிக்கோவிலிருந்து தம் நாட்டுக்கு அனுப்பியதனாலே அவர் பெயரைப் பெற்றது. பிரித்தானியப் பிரதிநிதியாக இருந்தவர் என்றி வார்ட். அக்காலத்தில் மெக்சிக்கோவின் அரசியற் கட்சிகள் இரகசியச் சங்கங்களாக இயங்கின. ஸ்கொத்லாந்து மரபுச் சங்கத்தில் நிலவுடைமையாளரும் பழைமை பேணுவோரும் கூடினர். அவர்களுக்கு வார்ட்டின் ஆதரவு இருந்தது. எதிர்க்கட்சியினர் யோர்க் மரபுச் சங்கம் நிறுவ முனைந்தபோது, அதற்கான பட்டயத்தை அமெரிக்காவிலிருந்து பெற்றுக்கொடுத்தவர் பொயின்செற். தெக்சாசை விலைக்குப் பெறும் கட்டளையும் அவரிடம் இருந்தது. அமெரிக்காவின் நோக்கம் குறித்து வார்ட் மெக்சிக்கோ அரசை எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை உண்மையானதே, எனினும் எச்சரித்தவருக்கும் தம் நாட்டு வணிகமே குறிக்கோள். உள்நாட்டுக் கட்சிப் பூசல் வெளிநாட்டுத் தூதர்களின் பூசலாகவும் வளர்ந்தது. ஈற்றில் மெக்சிக்கோவின் வேண்டுகோளின்படி 1829 இற் பொயின்செற் திருப்பி அழைக்கப்பட்டார்.

இவற்றையெல்லாம் முன்னுணர்ந்த ஒருவர் இருந்தார். அவர் பொலிவார். 1815 ஆம் ஆண்டில், யமேய்க்காவில் அகதியாக இருந்தபோதே, பண்டைக் கிரேக்கர் கொரிந்து பூசந்தியிற் கூடியதுபோல அமெரிக்க நாடுகள் பனாமாப் பூசந்தியிற் கூடும் நாள் வரவேண்டும் என்று அவர் எழுதினார். ஆயாகூச்சோப் போருக்கு இரண்டு நாளின் முன், 1824 டிசம்பர் 7 ஆந் திகதி, அக்கூட்டத்துக்கான அழைப்பை இலீமாவிலிருந்து அனுப்பினார். தனித்து நிற்கும் சிறு நாட்டுக்கு வல்லரசு விலை கூறும். சேர்ந்து நிற்கும் நாடுகளே விலை பேச முடியும். அவர் கருத்தின் சாரம் அதுவாகும்.

1826 ஆம் ஆண்டு யூன் 22 ஆந் திகதி பனாமாவிற் காங்கிரசு கூடியது. வந்தவர் கொலம்பியா, பெரு, மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கா ஆகிய நான்கு நாட்டார். சிலியும் புவெனஸ் அயர்சும் வரவில்லை, பிரேசிலும் வரவில்லை. கொலம்பிய அரசு அமெரிக்க ஐக்கிய நாடுகளையும் அழைத்திருந்தது. அந்நாட்டுச் செனற் சபையிலோ பிரதிநிதிகளை அனுப்புவதா என்பதே பல வாரங்கள் விவாதிக்கப்பட்டது. கறுப்பு மக்களின் குடியரசாகிய ஹெயிற்றியைப் பற்றி அங்கே பேசக்கூடும் என்று அடிமைமுறை நிலவிய மாநிலங்களின் தலைவர்கள் அஞ்சினர். ஈற்றில் அனுப்பப்பட்ட இருவருள் ஒருவர் வழியில் நோயால் இறந்தார். மற்றவர் கூட்டம் முடியுமுன் பனாமாவை அடையவில்லை. பிரித்தானியாவிலிருந்து எட்வட் டோக்கின்ஸ் என்பார் பார்வையாளராக வந்து, முழுக்காலமும் அங்கே தங்கியிருந்தார். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைமையில் ஒரு கூட்டு உருவாகாமற் பார்த்துக்கொள்வது அவருக்கு இடப்பட்ட பணிகளுள் ஒன்று.

வராதவர்களுள் அழைக்கப்படாத ஒருவரும் உண்டு. 1816 ஆம் ஆண்டில் யாவற்றையும் இழந்து நின்ற பொலிவாருக்குக் கப்பலும் துப்பாக்கியும் வெடிமருந்தும் உதவியவர் ஹெயிற்றியின் தலைவர் பெற்றியோன். பதிலாக அவர் கேட்டது பொன்னன்று, நிலமன்று. விடுவிக்கும் நாடுகளில் அடிமைகளையும் விடுவிக்கவேண்டும் என்பதே. வல்லரசு எதுவும் உதவ முன்வராத வேளையிற் கிடைத்த உதவி அது. பத்தாண்டு கழித்துப் பனாமாவிற் கூடியபோது ஹெயிற்றிக்கு ஓலை செல்லவில்லை. வல்லரசுகளின் மனம் கோணலாகாது என்ற எண்ணம் அங்கே நன்றியை மறக்கச் செய்தது. அங்கீகாரத்துக்குக் கொடுத்த விலைகளில் இதனையும் ஒன்றாகக் கணக்கிடல் வேண்டும்.

கியூபாவின் கதையும் இதனோடு சேர்ந்தது. மெக்சிக்கோவும் கொலம்பியாவும் படை திரட்டிக் கியூபாவையும் புவேர்ட்டோ றிக்கோவையும் விடுவிக்க எண்ணியிருந்தன. 1825 டிசம்பரில் அமெரிக்க வெளிநாட்டமைச்சர் என்றி கிளே அம்முயற்சியை நிறுத்திவைக்குமாறு இரு நாடுகளையும் கேட்டுக்கொண்டார். அத்தீவிற் கிளர்ச்சி எழுந்தால் அது தம் தென்மாநில அடிமைகளிடையே பரவக்கூடும் என்றும், பிரித்தானியாவோ பிரான்சோ அதனைக் கைப்பற்றக்கூடும் என்றும் அவர்கள் அஞ்சினர். படையெடுப்பு நடக்கவில்லை. விளைவு யாது? 1829 ஆம் ஆண்டில் ஸ்பானியப் படை ஒன்று மெக்சிக்கோவை மீட்கவெனப் புறப்பட்டுத் தம்பிக்கோவில் இறங்கியது. அது புறப்பட்ட இடம் கியூபாவின் தலைநகராகிய அவானா! மெக்சிக்கர் தம் கையாலேயே அப்படையை முறியடித்தனர். கியூபா 1898 வரை ஸ்பானியாவின் கீழேயே இருந்தது.

பனாமாக் காங்கிரசு யூலை 15 ஆந் திகதி முடிந்தது. நிலையான கூட்டமைப்பு ஒப்பந்தமும், 60,000 பேர் கொண்ட கூட்டுப்படை பற்றிய உடன்பாடும் கையொப்பமாயின. அவற்றை உறுதிசெய்த நாடு கொலம்பியா ஒன்றே. அக்கொலம்பியாவும் நிலைக்கவில்லை. 1830 இல் வெனிசுவேலாவும் எக்குவதோரும் பிரிந்து சென்றன. அவ்வாண்டு டிசம்பர் 17 ஆந் திகதி, தாம் அமைத்த பெருநாடு உடைவதைக் கண்டபின், பொலிவார் சாந்த மார்த்தா அருகே உயிர் நீத்தார். அவருக்கு வயது 47.

இவ்வுடைவுக்கு வல்லரசுகளே முழுக்காரணம் என்று கூறுவது வரலாற்றுக்கு ஏற்றதன்று. மலையும் காடும் நாடுகளைப் பிரித்தன. படைத்தலைவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் மாகாணத்திற் குறுநிலமன்னராக விரும்பினர். ஸ்பானிய ஆட்சி தன்னாட்சிப் பயிற்சி எதனையும் அவர்களுக்கு அளித்திருக்கவில்லை. பிரித்தானியக் கடற்படை இல்லாதிருப்பின் ஐரோப்பியப் படையெடுப்பு ஒன்று நிகழ்ந்திருக்கவும் கூடும். வல்லரசுகள் ஒன்றையொன்று ஐயுற்றமையே புதிய குடியரசுகளுக்குக் கிடைத்த கேடயம். அதனை மறைத்தலாகாது. சிற்சில வேளைகளில் அவர்களுடைய தலையீட்டாற் போரும் ஓய்ந்தது. பிளேற் நதியின் கீழ்க்கரைக்காகப் பிரேசிலும் புவெனஸ் அயர்சும் 1825 முதல் பொருதன. வணிகம் கெடுவதைக் கண்ட பிரித்தானியா பொன்சன்பி பிரபுவை அனுப்பி இருவரையும் இணக்கியது. 1828 ஓகஸ்டில் உருவான உடன்பாட்டின்படி அந்நிலம் இருவருக்கும் இல்லையாயிற்று. உருகுவே என்னும் தனிநாடு பிறந்தது. அந்நாட்டு மக்கள் தம் விடுதலைக்காகப் போராடியவர்களே. ஆயினும் தீர்வின் வடிவத்தை வகுத்ததில் இலண்டன் வணிகரின் தேவைக்கும் பங்குண்டு.

கேடயம் எவ்வளவு காலம் காத்தது என்பதே நாம் கேட்கவேண்டிய வினா. 1833 இற் பிரித்தானியா போக்லந்துத் தீவுகளைக் கைக்கொண்டது. 1838 இற் பிரெஞ்சுக் கடற்படை மெக்சிக்கோவின் வெராக்குரூஸ் துறைமுகத்தைத் தாக்கியது. 1845 முதல் பிரித்தானியாவும் பிரான்சும் கூடிப் பிளேற் நதியை முற்றுகையிட்டன. இவற்றுள் எதனையும் மொன்றோ கொள்கை தடுக்கவில்லை. அக்கொள்கையை உரைத்த நாடோ, 1846 முதல் 1848 வரை நடந்த போரில் மெக்சிக்கோவின் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதியைத் தனதாக்கிக்கொண்டது. கானிங்கிடம் கையொப்பமிட மறுத்த அந்தச் சிறு வாக்கியத்தை, எப்பகுதியையும் நாம் கைக்கொள்ளோம் என்ற வாக்கியத்தை, இங்கே நினைவுகூர்தல் பொருந்தும்.

கடன் பத்திரத்தின் நிழல் இன்னும் நெடுந்தூரம் நீண்டது. 1902 ஆம் ஆண்டின் இறுதியிற் பிரித்தானியா, ஜேர்மனி, இத்தாலி ஆகிய மூன்றின் கப்பல்களும் கடன் நிலுவைகளுக்காக வெனிசுவேலாவின் துறைமுகங்களை அடைத்து நின்றன. அப்போது ஆர்சென்றீனாவின் வெளிநாட்டமைச்சர் லூயிஸ் மரியா திறாகோ, ஓர் அரசின் கடனைப் பீரங்கியால் அறவிடலாகாது என்ற கோட்பாட்டை வாசிங்டனுக்கு எழுதினார். வெனிசுவேலாவுக்காக ஆர்சென்றீனா பேசியது. தனக்கு நேராத துன்பத்துக்காக அயலான் குரல் எழுப்பினான். 1907 ஆம் ஆண்டில் எய்க்கு மாநாட்டில் அக்கோட்பாடு, வரையறைகளோடு, சருவதேசச் சட்டத்தில் இடம்பெற்றது. பனாமாவிற் பொலிவார் எதிர்பார்த்தது இத்தகைய குரலையே. அது கேட்பதற்கு எண்பது ஆண்டுகள் சென்றன.

நேயர்களே, பெரியவர்கள் இருவர் போட்டியிடும்போது சிறியவனுக்குச் சிறிது இடம் கிடைக்கிறது. ஸ்பானிய அமெரிக்காவுக்கும் அவ்விடம் கிடைத்தது. ஆனால் அவ்விடத்திலே ஒவ்வொரு நாடும் தனித்தனியே சென்று நின்றது. தனித்தனியே ஒப்பந்தம் செய்தது. தனித்தனியே கடன் வாங்கியது. அயலான் வாயிலில் வல்லரசின் கப்பல் நின்றபோது தன் கதவைச் சாத்திக்கொண்டது. ஆபத்திலே உதவிய ஹெயிற்றியை அது தன் பந்தியில் அமர்த்தவும் இல்லை. அங்கீகாரத்துக்கு விலை உண்டு என்பதை அந்நாடுகள் தவிர்த்திருக்க முடியாதிருக்கலாம். விலையைக் கூட்டாகப் பேசியிருக்கலாம். பேசாது விட்டதன் வட்டியை அவர்களுடைய பேரன்மார் செலுத்தினர்.